நூற்றியாறு டிகிரி வீடு

சோலைமுத்து மேஸ்திரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என்னைத்தான் நாலு வார்த்தை திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திண்டுக்கல் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். என் எழுத்தில் ஓட்டை இருக்காது என்று ஊரில் பேர். அந்தப் பேரை நானும் நம்பித் தொலைத்தேன். ஓட்டையில்லாமல் நான் எழுதிய ஒரு பத்திரம் ஒரு நல்ல மனிதரை ஒன்பது மாதம் மூட்டை தூக்க வைத்தது.

மேஸ்திரிக்கு ஊர் மேட்டுப்பட்டி. ஒல்லியான ஆள், தலையில் எப்போதும் ஒரு துண்டு. படிப்பு கையெழுத்தோடு சரி. சுண்ணாம்பை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். ஒரு வீட்டுக்குத் தளம் போட்டு முடித்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் கீழே வெறுந்தரையில் ஒரு மத்தியானம் மல்லாந்து படுப்பார். தூக்கம் வந்தால் வேலை சரி. வராவிட்டால் மறுநாளே ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிடுவார், வீட்டுக்காரர் குறை சொல்லும் வரை காத்திருக்க மாட்டார். அவர் மனைவி பழனியம்மாள் கேலி செய்வாள்: "எங்க வீட்டு ஆளு தூங்கிக் காமிச்சுச் சம்பாதிக்கிறவரு."

அவரிடம் வந்து சேர்ந்தார் பேகம்பூர் சனாவுல்லா. தோல் மண்டி வைத்திருந்தவர். மச்சு வீடு கட்ட ஆசைப்பட்டார், அதுவும் கட்டையும் செங்கலும் வைத்த பழைய தளம் வேண்டாம், மெட்ராஸில் பார்த்த மாதிரி காங்கிரீட் தளம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மேஸ்திரிக்கு காங்கிரீட் புதுசு. ஆனாலும் போட்டார். தளம் முடிந்தது மார்கழியில். வழக்கம்போல மாடி அறையில் படுத்துப் பார்த்தார், நன்றாகத் தூக்கம் வந்தது. மார்கழியில் யாருக்குத்தான் தூக்கம் வராது?

சித்திரை பிறந்ததும் அந்த அறை தன் சுயரூபத்தைக் காட்டியது. சனாவுல்லாவின் மனைவி மெஹராஜ் உலர்த்தாமலே துணி காய்கிறது என்றாள். சனாவுல்லா தோலை மோந்து பார்த்தே தரம் சொல்லிவிடக்கூடிய மனிதர்தான். ஆனால் வீட்டு விஷயத்தில் அவருக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது இங்கிலீஷ் மருந்துக் கடையில் வாங்கிய தெர்மாமீட்டர் ஒன்று பெட்டியில் கிடந்தது. வாயில் வைத்துக் காய்ச்சல் பார்க்கிறோமே, அந்தக் கண்ணாடிக் குச்சி. அதை நூலில் கட்டி மாடி அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். மூன்று மணிக்குப் பார்த்தால் நூற்றிநாலு.

வீட்டுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது என்று அவருக்குக் கைகால் ஓடவில்லை. மேஸ்திரியை வரவழைத்து ஆணிக்கு முன்னால் நிறுத்தினார்.

"நல்லா கண்ணைத் தொறந்து பாருங்க மேஸ்திரி. புள்ளைக்கி நூத்தி நாலு இருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவோம். வீட்டைத் தூக்கிட்டு எங்க ஓடுறது?"

"மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு ஓடு பதிச்சாச் சரியாப் போயிரும் முதலாளி."

"வீடா கட்டிக் குடுத்தீங்க? ரொட்டி அடுப்புல்ல கட்டிக் குடுத்திருக்கீங்க! நீங்க கொத்தனாரே இல்ல!"

இந்த வார்த்தை மேஸ்திரிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இரண்டு பேரும் கத்திக்கொண்டே நடந்து வந்து என் மேஜைக்கு முன்னால்தான் நின்றார்கள். நோன்புப் பெருநாளுக்குள் அந்த அறையின் சூட்டை நூறுக்குக் கீழே இறக்குவேன், இறக்காவிட்டால் இந்த ஊரில் இனிமேல் கொத்துக்கரண்டியைத் தொடமாட்டேன் என்றார் மேஸ்திரி. எழுதிக்கொடு என்றார் சனாவுல்லா. வேறு யாராவது எழுத்தர் என்றால் சமாதானம் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார். நான் பேனாவைத் திறந்தேன்.

எழுதும்போதே எனக்குக் குஷி ஏறிவிட்டது. "மேற்படி அறையின் உஷ்ணத்தைப் பொறுத்தவரை மேற்படி தெர்மாமீட்டர் காட்டுவதே முடிவு. மனிதர் எவரும் சூடென்றோ குளிர்ச்சியென்றோ சொல்லும் வாய்வார்த்தை செல்லாது" என்று எழுதினேன். அதோடு விட்டேனா? ஒரு தரப்பு ஊதிக் குளிரவைத்துவிட்டால்? மறுதரப்பு உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிவிட்டால்? அதற்கும் ஒரு ஷரத்து போட்டேன்: "மேற்படி தெர்மாமீட்டரை இரு தரப்பாரும் அவர்களைச் சேர்ந்தோரும் எக்காரணம் கொண்டும் கையால் தொடக்கூடாது." படித்துக் காட்டியபோது இருவரும் தலையாட்டினார்கள். சனாவுல்லா என்னைத் தட்டிக்கொடுத்தார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன், மண்டூகம்.

நோன்பு தொடங்கி, பத்து நாளில் கத்திரியும் தொடங்கியது. அந்த வெயிலில் மேஸ்திரி மாடிமேல் ஏறினார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, செங்கல் ஜல்லியோடு கொட்டி, சித்தாள்களை வரிசையாக உட்காரவைத்துக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடு பதித்தார். வெல்ல வாசனைக்குப் பேகம்பூர் எறும்பெல்லாம் சுவரேறி வந்தது. வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றிப் படுத்தார். அரை நாழிகையில் குறட்டை கேட்டது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆணியைப் பார்த்தார். நூற்றிநாலு. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

"முதுகு பொய் சொல்லுது ரைட்டரய்யா. வயசாயிருச்சு போல," என்றார் என்னிடம். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயதுதான்.

பதித்த ஓடுகளையெல்லாம் பெயர்த்துவிட்டு, நானூறு மண்பானைகளைக் கொண்டுவந்து தளத்தின்மேல் வரிசையாகக் கவிழ்த்தார். பானைக்குள் காற்று நின்றால் சூடு இறங்காது என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் மேலே காற்று பலமாக இருந்ததால் சுண்ணாம்புக் கல்லைக் கீழே மாடி அறைக்குள் தொட்டி வைத்து நீற்றினார். தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் பொங்கி அறை முழுக்க ஆவி. ஆட்களெல்லாம் வெளியே ஓடிவந்து இருமினார்கள். அன்று தெர்மாமீட்டரை யாரும் பார்க்கவில்லை. பானை வேலை முடிந்த பிறகு பார்த்தால் நூற்றியாறு.

"வைத்தியம் பாக்கப் பாக்கக் காய்ச்சல் ஏறுதே மேஸ்திரி!" என்று சனாவுல்லா தலையில் கைவைத்துக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், நோன்புக் களைப்பில் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு அதே அறையில்தான் அவர் தினமும் தூங்கினார். விசிறிகூட இல்லாமல் தூங்குவார். கண்விழித்ததும் ஆணியைப் பார்ப்பார், உடனே விசிறியைத் தேடுவார்.

மெஹராஜுக்கு மட்டும் புத்தி தெளிவாக இருந்தது. "ஏங்க, ரூம்பு இப்ப நல்லாத்தானே இருக்கு. அந்தக் குச்சியைக் கழட்டித் தூர எறிங்க," என்றாள்.

"வாய்வார்த்தை செல்லாது புள்ள. பத்திரத்துல இருக்கு," என்றார் சனாவுல்லா.

கடைசி வாரத்தில் மேஸ்திரி பானைத் தளத்துக்கும் மேலே மூங்கில் நட்டுக் கீற்றுப் பந்தல் போட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று, வீட்டில் என்ன விசேஷம், கல்யாணமா சுன்னத்தா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் மொய்க் கவரோடுகூட வந்துவிட்டார். நூற்றியாறு அப்படியே நின்றது.

பெருநாளன்று மூன்று மணிக்கு நான் போனேன். புதுச்சட்டை, அத்தர் வாசனை, தட்டில் பிரியாணி. யாரும் அதில் கை வைக்கவில்லை. மூன்று பேரும் ஆணிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். நூற்றியாறு. மேஸ்திரி இடுப்புத் துணியில் சுற்றி வைத்திருந்த கொத்துக்கரண்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். எனக்கு அந்த அறை ஜில்லென்று இருந்ததாக ஞாபகம். அதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. நான் எழுதிய ஷரத்தை நானே மீறுவதா என்ற திமிர்.

இரண்டாம் நாள் பழனியம்மாள் என் மேஜைக்கு வந்து நின்றாள். "ஒட்டன்சத்திரம் சந்தைக்கி மூட்ட தூக்கப் போயிட்டாருய்யா. வெளியூருல போயாவது கொத்து வேல பாருங்கன்னேன். எங் கையவே நம்ப முடியல, எவன் வீட்டக் கெடுக்கன்னு கேக்குறாரு. என்னய்யா எழுதுனீங்க நீங்க?" மேஜைமேல் கிடந்த கொத்துக்கரண்டியை அவள் கண்ணில் படாமல் காகிதங்களுக்கு அடியில் தள்ளினேன்.

ஐப்பசி மழை வந்தது. மார்கழிப் பனி வந்தது. மெஹராஜ் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த அறையில் படுத்தாள். சுவரில் நூற்றியாறு. எங்களுக்கு அப்போதாவது உறைத்ததா? சனாவுல்லாவைக் கேட்டதற்கு, "தளம் கோடைச் சூட்டை உள்ள புடிச்சு வச்சிருக்குங்க," என்று விளக்கம் சொன்னார். நானும் இருக்கும் என்றேன்.

மாசியில் அவர் சின்ன மகள் கமர்ஜஹானுக்கு உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் புஷ்பமேரி வீட்டுக்கே வந்தாள். அவசரத்தில் தன் தெர்மாமீட்டரை மறந்துவிட்டு வந்திருந்தாள். சுவரில் ஒன்று தொங்குவதைப் பார்த்து நேரே போய் அதைக் கழற்றினாள்.

"தொடாதம்மா! தொடாத! பத்திரம் எழுதியிருக்கு!" என்று சனாவுல்லா அலறினார்.

"தொடாம எப்படிங்க காய்ச்சல் பாக்குறது?" என்றவள் அதைப் பார்த்து முகம் சுளித்தாள். "நூத்தியாறுல நிக்குது. யாருக்குப் பாத்தீங்க? பாத்துட்டு உதறி வைக்கக் கூடாதா?"

"என்னத்த உதறணும்?"

புஷ்பமேரி மணிக்கட்டை வீசி மூன்று தரம் உதறினாள். பாதரசம் சரசரவென்று அடிக்கு இறங்கிவிட்டது. ஏறினால் ஏறினதுதான், உதறினால் ஒழியத் தானாக இறங்காது, எத்தனை வருஷம் தொங்கவிட்டாலும் அப்படியேதான் நிற்கும் என்றாள். குழந்தைக்கு நூற்றொன்று என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். சனாவுல்லா செருப்பைக்கூடப் போடாமல் என் மேஜைக்கு ஓடிவந்தார்.

அவர் சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்த வாய் பாதியில் அப்படியே நின்றுபோயிற்று. தொடக்கூடாது என்று எழுதியது நான்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் ஒட்டன்சத்திரம் போனோம். சந்தையில் வெங்காய மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. தோள்பட்டை தோலுரிந்திருந்தது. சனாவுல்லா வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்கிப் போய், முதுகிலிருந்த மூட்டையை ஒரு கை பிடித்து இறக்கிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "எம்மேலதான் தப்பு. மன்னிச்சிருங்க மேஸ்திரி," என்றார். நான் பத்திரத்தை எடுத்து அங்கேயே நாலாகக் கிழித்தேன்.

மேஸ்திரி துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்ப எதுல எறங்குச்சு முதலாளி? ஓட்டுலயா, பானையிலயா, கீத்துலயா?"

எங்களுக்கு எப்படித் தெரியும்?

"ஓடு பதிச்ச அன்னைக்கே எனக்குத் தூக்கம் வந்துச்சு. சொகமான தூக்கம். பொறந்ததுல இருந்து இந்த முதுக வச்சுத்தான் பொழச்சேன். ஒரு சாண் குச்சியப் பாத்துட்டு, போயும் போயும் இத நம்பாமப் போயிட்டேனே!" என்று தன் முதுகிலேயே அடித்துக்கொண்டு அழுதார். சந்தையில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாரேன். ஆனா நாலு பேரு காதுல விழுற மாதிரி நீங்க சொல்லணும். கெட்ட பேரோட ஊருக்குள்ள கால் வைக்க மாட்டேன்," என்றார்.

சனாவுல்லா சம்மதித்தார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், நல்ல உச்சிவெயிலில், ஒரு கடையின் பெஞ்சுமேல் ஏறி நின்றார். கௌரவமான மனிதர், பொது இடத்தில் குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவர். "எல்லாரும் செத்த நேரம் கேளுங்க! சோலைமுத்து மேஸ்திரியைப் பத்தி நான் சொன்னதெல்லாம் பொய்! அவரு வேலைல ஒரு குத்தமும் இல்ல! இந்த ஊருலயே அவருதான் நல்ல கொத்தனாரு!" என்று கத்தினார்.

கூட்டம் கூடியது. பழக்கூடைக்காரி, கண்டக்டர்கள், பழனிக்குப் போகிற ஜனங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் கண்டக்டர் ஒருத்தர் கேட்டார்:

"யாரு பாய் அது, சோலைமுத்து?"

ஒன்பது மாதமாக எந்த ஊருக்கு முகம் காட்ட முடியாமல் ஒளிந்து கிடந்தாரோ, அந்த ஊருக்கு அவர் பெயர் கெட்டதே தெரியாது. பெயரே தெரியாது. சனாவுல்லா பெஞ்சுமேல் நின்றபடியே எங்கள் பக்கம் திரும்பினார். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் தெம்பிருந்தது.

என் பக்கத்தில் நின்றிருந்த மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஒரு அடி முன்னால் போனார்.

"நான்தாங்க," என்றார்.