வாசனை வருதா?

சிங்கப்பூரின் பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்னால் யாரோ நட்டுவிட்டுப்போன கொய்யா மரம் ஒன்று நின்றது. காய்களை யாரும் சீண்டியதில்லை. இலைகளைப் பறித்துப் பறித்தே அண்ணன் அதை மொட்டையடித்தான். பள்ளி விட்டதும் நண்பர்களோடு சிகரெட், பிறகு நாற்றம் போக வாய்நிறையக் கொய்யா இலை, விரல்களில் எலுமிச்சைத் தோல், கடைசியாக மோந்து பார்க்க நான். மின்தூக்கிக்குள் விரல்களை என் மூக்கருகே நீட்டுவான்.

"வாசனை வருதா?"

"வரல. இலை தின்ன ஆடு மாதிரிதான் நாறுற, போ."

அப்பாவிடம் மாட்டாமல் அவனைக் கரைசேர்ப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. மழையில் நனைந்த வெள்ளைச் சட்டை, கசந்த இலை, எலுமிச்சை. அந்த மின்தூக்கி இன்னும் எனக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணனின் நுரையீரல் இப்போது பாதிதான் வேலை செய்கிறது. சிராங்கூன் சாலையில் நடந்தால், மூச்சு வாங்குவதை மறைக்க நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிடுவான். "வாங்கண்ணே, புது டிசைன் வந்திருக்கு" என்பார்கள் உள்ளிருந்து. பாவம், அவர்களுக்கென்ன தெரியும்.

செங்காங்கில் என் வீட்டில், பதினாறு வயது மகளின் பையில் கொஞ்ச நாளாக மாம்பழ வாசனை. சிறுவயதிலிருந்தே இளைப்பு உள்ளவள். மாம்பழம் என்றாலே முகம் சுளிப்பவளுக்கு ஆசை வந்துவிட்டதாக்கும் என்று தேக்கா சந்தையிலிருந்து ஒரு பெட்டி சுமந்து வந்தேன். அவள் தொடவே இல்லை.

"எனக்குத்தான் மாம்பழம் பிடிக்காதேம்மா."

அப்போதுதான் உறைத்தது. பழ வாசனையில் வரும் மின்சிகரெட். கேட்டேன். "தோழியோட லோஷன், லா" என்று இழுத்தாள். அன்றிரவு சுவருக்கு அப்பால் அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அந்த நெஞ்சு இதைத் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அவனிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வெகுநேரம் மூக்கில் வைத்திருந்துவிட்டு, மகளிடம் நீட்டினான்.

"சிகரெட் குடிச்சுக் குடிச்சு மாமாவுக்கு மூக்கு செத்துப்போச்சு. நீ பாரும்மா, வாசனை வருதா?"

கூடம் முழுக்கப் பழம் மணத்துக்கொண்டிருந்தது. அவள் பழத்தை வாங்காமல் அவனையே பார்த்தாள்.

"வருது மாமா. வீடு பூரா வருது."

எழுந்து அறைக்குள் போனாள். திரும்பி வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றை வைத்தாள்.

"என்னதும்மா, லிப்ஸ்டிக்கா?" என்றான் அண்ணன்.

அவள் அவன் அருகில் உட்கார்ந்து, அது என்னவென்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.