யாக்கூப் பாயின் காந்தம்

யாக்கூப் பாய் யாரையும் நம்பமாட்டார். மலேசியாவின் கோலா பிலாவில் அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை வைத்திருந்தார். கயிறு கட்டிய ஒரு காந்தம் எப்போதும் அவர் சட்டைப்பையில் கிடக்கும். எந்த வண்டி வந்தாலும் முதலில் காந்தத்தை எடுத்து அதன் உடம்பெல்லாம் ஓட்டிப் பார்ப்பார். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, வெறும் பட்டிப் பசையை அப்பிச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சிரம்பானுக்குப் போன இடத்திலும், வாசலில் நின்ற மாப்பிள்ளையின் காரில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார். இடது கதவில் அது ஒட்டவில்லை. அடிபட்டதை மறைக்கிறவன் வேறு எதையெல்லாம் மறைப்பானோ என்று வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அவர் மனைவி சைதூன் பீவி அதைச் சொல்லும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

நானும் அவருக்கு இளைத்தவன் இல்லை. ரப்பர் தோட்டத்து ஆபீசில் பதினெட்டு வருடம் கணக்கெழுதும் கிராணி வேலை. காய்ச்சல் என்று எவன் வந்து நின்றாலும் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் விடுப்பு எழுதமாட்டேன். அதனால்தான் 1984இல் அந்த லேண்ட்ரோவர் விவகாரத்துக்குத் தோட்ட மேலாளர் துரை என்னை அனுப்பினார்.

நடந்தது இதுதான். ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த தோட்டத்து லேண்ட்ரோவர், இறக்கத்து வளைவில் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில் உரசியது. பின்பக்கத்து இடது மூலை பிளந்து வாயைத் திறந்துவிட்டது. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மங்கம்மா கீழே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மெதுவாகத்தான் வந்தேன், லேசான உரசல்தான் என்றான் டிரைவர் அமிர்தலிங்கம். மெதுவாக வந்த வண்டி இப்படியா பிளக்கும் என்று கேட்டார் துரை. எனக்கும் அதே கேள்விதான். அமிர்தலிங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்குகிறவன். விபத்து நடந்தது செவ்வாய்க்கிழமை என்றாலும் குடிக்கிறவனுக்குக் கிழமை எது என்று நினைத்தேன்.

குற்றம் உறுதியானால் அவனுக்கு வேலை போகும். வேலையோடு தோட்டத்து வீடும் போகும். அவன் மனைவி நீலாவதி நான்கு பிள்ளைகளோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நான் ஜன்னலைச் சாத்தினேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வண்டியை யாக்கூப் பாயிடம் கொண்டு போய், வேலை முடியும்வரை கூடவே இரு என்றார் துரை. டிரைவர் அந்த ஆளைக் கைக்குள் போட்டுக்கொண்டுவிடக் கூடாதாம். வேகத்தால்தான் வண்டி பிளந்தது என்று ஓர் அறிக்கையை நான் முன்கூட்டியே டைப் அடித்து எடுத்துப் போனேன். பாயின் கையெழுத்துதான் பாக்கி.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்த அமிர்தலிங்கத்தைப் பாய் ஏற இறங்கப் பார்த்தார்.

“குடிச்சியா?”

“இல்ல பாய்.”

“குடிச்சவனும் இதத்தான் சொல்வான்.”

அமிர்தலிங்கம் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டான். பாய் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளந்த மூலையின் முன்னால் உட்கார்ந்தார். அந்த வண்டிக்கு அடிச்சட்டமும் எஞ்சினை மறைக்கும் முன்சுவரும்தான் இரும்பு. மற்ற உடம்பெல்லாம் அலுமினியம். அலுமினியத்தைச் சூடாக்கினால் இரும்பு மாதிரி சிவக்காது, சொல்லாமல் கொள்ளாமல் உருகி ஒழுகிவிடும் என்றார். அதனால் துணி துவைக்கும் சவுக்காரத்தை அதன்மேல் தேய்த்துவிட்டு நெருப்பைக் காட்டினார். சவுக்காரம் கறுத்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் தகடு சொன்னபடி வளையும். நெளிந்திருந்த விளிம்பை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். நான் அவர் கைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதில் உங்கள் காந்தம் பலிக்காதே என்று நான் சீண்டினேன். பழக்கதோஷத்தில் அவர் அதை எடுத்துப் பிளவின் உட்பக்கம் ஓட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அவர் முகம் மாறியது. சாயத்தைச் சுரண்டினார். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு, அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொடி. நகத்தால் கீறினார், அலுமினியம் மாவாக உதிர்ந்தது. இரும்பும் அலுமினியமும் ஒட்டி நின்று, நடுவில் ஈரம் சேர்ந்தால் அலுமினியத்தை அது உள்ளுக்குள் அரித்துவிடும் என்று விளக்கினார். ரப்பர் பால் வாளிகளை ஏற்றி இறக்கித் தினமும் கழுவிவிடுகிற வண்டி அது. ஈரத்துக்குக் குறைவே இல்லை.

“இது வேகத்துல பிளக்கல கிராணி. கையால தள்ளியிருந்தாலும் போயிருக்கும்லா.”

இப்படி ஒட்டுப் போட்டவன் எவன் என்று பாய் கொதித்தார். வேலையை விட்டுப் போன எங்கள் பழைய மெக்கானிக்கின் பெயரை நான் சட்டென்று எடுத்துக் கொடுத்தேன். ஊரில் இல்லாதவன் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம். பாய் அவனை வாயார ஏசிக்கொண்டே, தகட்டிலிருந்த ரிவெட் தலைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

ஒவ்வொரு ரிவெட் தலையிலும் பிறைபோல ஒரு சின்ன மேடு இருந்தது. பாய் எழுந்து போய், ரிவெட்டை அடித்து உருட்டும் உளியை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். அதன் வாயில் ஒரு மூலை உடைந்திருந்தது. ரிவெட்டின்மேல் வைத்துத் திருகினார். மேடு, உடைந்த இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அடுத்த ரிவெட்டிலும் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தார்.

பத்து வருடங்களுக்கு முன் இதே வண்டி ரப்பர் காயவைக்கும் புகைக்கூண்டின் தூணில் பின்பக்கமாக மோதியபோது அவரே போட்ட ஒட்டு அது. அன்றைக்குக் கோலா பிலாவில் அலுமினியத் தகடு கிடைக்கவில்லை. சிரம்பானுக்குப் போய் வாங்கியிருக்கலாம். பட்டறையை இன்னொருவர் கையில் விட்டுப் போக மனம் வரவில்லை. கையிலிருந்த இரும்பை வெட்டி வைத்து, மேலே சாயம் பூசிவிட்டார். அவர் வாயாலேயே இதைச் சொன்னார்.

பட்டறையில் நாங்கள் இருவர்தான். தகட்டைப் பிடுங்கிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தால் கதை முடிந்தது. எறிவார் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

“என் கையவே பாத்துக்கிட்டிருக்காதீங்க கிராணி. அந்தத் தாளக் குடுங்க.”

நான் டைப் அடித்ததை வாசித்தார். தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

“யாக்கூப் செஞ்ச தப்புன்னு எழுதுங்க.”

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அது போதாது என்று பட்டறையைப் பட்டப்பகலில் பூட்டிவிட்டு, தகட்டையும் உளியையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். டிரைவருக்கு நீ சொந்தமா என்றுதான் துரை முதலில் கேட்டார். பாய் தகட்டையும் உளியையும் மேசைமேல் வைத்தார். துரை தானே உளியை எடுத்து ரிவெட்டில் பொருத்திப் பார்த்தார். அமிர்தலிங்கத்துக்கு வேலையும் வீடும் நிலைத்தன. இந்த வண்டியை முடித்துக் கொடுப்பதோடு சரி, தோட்டத்து வண்டி எதுவும் இனி யாக்கூப் பட்டறைக்குப் போகாது என்றார் துரை. பாய் தலையாட்டினார்.

மறுநாள் சைதூன் பீவியைப் பட்டறையில் உட்காரவைத்துவிட்டுச் சிரம்பானுக்குப் போய்த் தகடு வாங்கி வந்தார். அரித்த பகுதி முழுவதையும் வெட்டி எறிந்து, அலுமினியத்துக்கு அலுமினிய ரிவெட்டே அடித்தார். இரும்புச் சட்டத்தைத் தொடும் இடங்களில் சைக்கிள் டியூபை வெட்டி இடையில் கொடுத்தார்.

வண்டியை எடுக்க அமிர்தலிங்கம் வந்தபோது, பாய் காந்தத்தை எடுத்து அவனிடமே நீட்டினார். அவன் தயங்கவில்லை. மூலை, விளிம்பு, உட்பக்கம் என்று விடாமல் வைத்துப் பார்த்தான். வைத்த இடத்திலெல்லாம் அது வழுக்கி விழுந்தது. பிறகு அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“வியாழக்கெழம மங்கம்மாக்காவ ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாரணும் பாய். அக்காவும் வச்சுப் பாக்கட்டும்.”

பாய் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காந்தத்தைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். ஆஸ்பத்திரி வாசலில், கக்கத்தில் கட்டையை ஊன்றி நின்றபடி மங்கம்மா அந்த மூலை முழுவதும் காந்தத்தை வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். ஒட்டவில்லை, சரிதான் என்று ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். ஆனால் மங்கம்மா வண்டியில் ஏறவில்லை. இரண்டு பஸ் மாறித்தான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார் என்றேன்.

பாய் காந்தத்தை வாங்கி, அதன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

“நானா இருந்தாலும் ஏறமாட்டேன்,” என்றார்.