பலாப்பழம் சாய்ந்த வீடு

எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது என்று நான் மனதார நம்பினேன். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் ஒரு பலாப்பழம்.

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் அந்த வீட்டை அப்போதுதான் வாங்கியிருந்தோம். என் மனைவி கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளிலேயே குடித்தனம் நடத்தியவள். சாவியைக் கொடுக்கும்போதே ஒவ்வொரு வீட்டுக்காரரும் சொல்வது, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க." அதனால் சொந்த வீடு என்றதும் அவள் ஏர்கோன் கேட்கவில்லை, சோபா கேட்கவில்லை. ஹாலில் மாட்டப் பெரிய ஓவியம் ஒன்று கேட்டாள். பால் காய்ச்சும் வரை ஆணி அடிக்கக் கூடாது என்றும் அவளே சட்டம் போட்டாள்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் மத்தியானம் நான் மட்டும் அங்கே இருந்தேன். சுவரெல்லாம் புது வெள்ளைச் சாயம். ஓவியக் கடை ஒன்றின் செயலியை மகள் என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்திருந்தாள். கைப்பேசியைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் நாம் தேர்ந்தெடுத்த படம் அங்கே மாட்டியிருப்பது போலவே திரையில் தெரியும். ஆணி வேண்டாம், ஏணி வேண்டாம். என் சோம்பேறித்தனத்துக்கென்றே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு படகுப் படத்தை வைத்துப் பார்த்தேன். மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. படகுதானே, சாயத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அடுத்து, மனைவிக்கு மிகவும் பிடித்த பலாப்பழப் படம். அதுவும் சாய்ந்தது; சாய்ந்ததோடு நில்லாமல் பல்கனிப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பலாப்பழம் சும்மா சாயாது. பூசைக்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றைத் தரையில் வைத்தேன். உருண்டது. எலுமிச்சம்பழம் எங்கே வைத்தாலும் உருளும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

கீழ் மாடியில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் குடியிருந்தார். மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் படியில் ஓடினேன்.

"பாய், கட்டடம் சாயுது!"

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

அவர் நிதானமாக மீசையைத் தடவினார். "அண்ணே, நான் இங்க எத்தனை வருசமா கொழம்பு ஆக்குறேன். சாஞ்சிருந்தா என் சட்டி முதல்ல சொல்லிருக்கும்லா. போய் ஒரு தே தாரிக் குடிங்க."

நான் தேநீர் எதுவும் குடிக்கவில்லை. மேலே போய், வந்து இறங்கியிருந்த பெட்டிகளையும் அரிசி மூட்டையையும் வலப்பக்கச் சுவரோரமாக நகர்த்தினேன். எடை சமமாகட்டுமே.

சாயங்காலம் வந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வீடு சாயுதா, நீங்க சாயுறீங்களா? மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று சிரித்தாள்.

கைப்பேசியைக் காட்டினேன். அவள் கண்ணெதிரிலேயே பலாப்பழம் வழுக்கிக்கொண்டு போனது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. தரையில் உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆணிகூட இன்னும் அடிக்கலயேங்க," என்றாள்.

அப்போதுதான் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாளைக்கு வேண்டாம், தள்ளிப்போடலாம் என்றேன். அவள் எழுந்து புடவையை உதறினாள். "நாளைக்குப் பால் பொங்கணும். சாயுறதா இருந்தா அப்புறம் சாயட்டும்."

மறுநாள் விடியற்காலையில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லாரையும் வலப்பக்கமாகவே உட்கார வைத்தேன். "இங்கதான் காத்து நல்லா வரும்" என்று ஒரு பொய். அடுப்பில் பால் பொங்கியது. எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது சகுனம், நான் பார்த்தது வேறு. பால் வலப்பக்கமாக வழிந்தது. பெட்டிகளைக் கொஞ்சம் அதிகமாக நகர்த்திவிட்டேனோ என்று ஒரு பெட்டியைக் காலால் மெல்ல இடப்பக்கம் தள்ளிவிட்டேன்.

மனைவி மஞ்சளையும் குங்குமத்தையும் குழைத்து ஹால் சுவரில் வரிசையாகப் பொட்டு வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"எங்க, அந்தப் பழத்தைக் காட்டுங்க."

காட்டினேன். பலாப்பழம் அசையவில்லை. நான் இந்தப் பக்கம் நடந்தேன், அந்தப் பக்கம் நடந்தேன். ஒட்டிவைத்தது போல அப்படியே நின்றது.

"பாத்தீங்களா, சாமி நேராக்கிட்டாரு," என்றேன்.

பசியாறிக்கொண்டிருந்த மகள் தோசையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அப்பா, சாமியை விடுங்கலா. வெறும் வெள்ளைச் சுவத்துல கேமரா பிடிச்சுக்க ஒரு அடையாளமும் இல்ல. அதான் படம் நழுவுது. இப்போ அம்மா வச்ச பொட்டு இருக்கு, அதைப் பிடிச்சுக்குது. நேத்து இதைத்தான் ஊர் பூரா சொன்னீங்களா?"

ஊர் பூரா இல்லை, பாயிடம் மட்டும்தான் என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கட்டடம் சாயவில்லை. அடுத்த வாரம் பலாப்பழப் படம் வந்தது. முதல் ஆணியை மனைவியே அடித்தாள்.