ஊதா ஆவியில் எழுந்த கை

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர் மூன்றே நாள் காய்ச்சலில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுவாரமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். குவீன்ஸ்டவுன் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அன்றைய பாடம் பதங்கமாதல். திடப்பொருள் உருகாமலேயே ஆவியாவது. கண்ணாடி ஜாடியில் அயோடின் துணுக்குகளைப் போட்டு லேசாகச் சூடாக்கினால் ஊதா ஆவி எழும். கை பட்ட தாளை அதில் காட்டினால் ரேகை பழுப்பாகத் தெரியும். வெறும் தாளில் ஒன்றும் வராது என்று முதலில் காட்ட நினைத்தேன். கைப்பையிலிருந்த கடிதத் தாள் கட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இடுக்கியால் பிடித்து உள்ளே தொங்கவிட்டேன்.

முதலில் ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு மற்ற விரல்கள், பிறகு உள்ளங்கை. தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெல்ல அழுத்துவது போலிருந்தது.

"யாரோட கை டீச்சர் இது?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"டீச்சர் கை இல்ல. ரொம்பப் பெருசா இருக்கு லா," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கட்டைவிரலின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பால் டின் மூடி கிழித்த தழும்பு. அதற்கு மஞ்சள் வைத்துக் கட்டியவளே நான்தான்.

நான் செய்து பார்த்தவரை ஒரு வாரம் பழசான ரேகை எழுந்ததே இல்லை. அவர் போய் இருபத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

காய்ச்சலில் கிடந்தபோது, "ஊருக்கு ஒரு லெட்டர் எழுதணும், தாளைக் கொடு," என்று கேட்டார். கொடுத்தேன். அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. "அப்புறம் எழுதலாம், படுங்க," என்று தாள் கட்டை வாங்கி என் கைப்பையில் வைத்துவிட்டேன்.

மணி அடித்ததும் எல்லோரும் போனார்கள். முன்வரிசைப் பெண் மட்டும் நின்றாள்.

"அழிஞ்சிடுமா டீச்சர்?"

"ஆமாம்மா. அயோடின் பறந்துடும்."

"நிறுத்த முடியாதா?"

கஞ்சித் தண்ணீர் தெளித்தால் நிற்கும். எனக்குத் தெரியும். "முடியாது," என்று பொய் சொன்னேன். அந்தக் கையோடு ஒரே வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

அவளை அனுப்பிவிட்டுத் தாளுக்கு எதிரே உட்கார்ந்தேன். சுண்டுவிரலில் தொடங்கி விரல்கள் ஒவ்வொன்றாக மங்கின. கட்டைவிரல்தான் கடைசியில் போனது.

அன்று மாலை அதே தாளில் ஊரிலிருந்த அவருடைய அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ, தெரியாது. எனக்குத் தோன்றியதை எழுதினேன். உள்ளங்கை இருந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கவே இல்லை.