முகாம் தாதி சாட்சி சொன்ன நாள்

என் மனைவி அப்போது வியட்நாமிய அகதிகளை அடைத்துவைத்திருந்த ஒரு முகாமின் மருந்தகத்தில் தாதியாக இருந்தாள். எங்கள் வீடு இருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் ஏறிப் போவாள். நோயாளிகளிடம் அவள் கற்றுக்கொண்ட முதல் சொல் 'டாவ்'. வலி என்று பொருள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் "டாவ்?" என்றுதான் கேட்பாள்.

அகதிகளை ஊருக்கே திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்ற செய்தி வந்து முகாமில் ஒரே கலவரம். அன்று கை முறிந்த ஓர் இளைஞனை அவளிடம் தூக்கிவந்தார்கள். படியில் விழுந்துவிட்டான் என்றார்கள் காவலர்கள். அடித்தார்கள் என்றான் அவன். அவள்தான் கட்டுப் போட்டாள். விஷயம் வெளியே போய், அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. சாட்சி சொல்ல அவளையும் அழைத்தார்கள்.

அதற்கு முன்பே மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, "அடிச்சத நீங்க பாக்கலதானே? அத மட்டும் சொல்லிட்டு வந்துடுங்கம்மா" என்றாராம்.

"என்னங்க செய்யறது?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரிஞ்சதச் சொல்லு. வேற எடத்துக்கு மாத்துனா மாத்தட்டும் லா."

விசாரணையன்று நானும் லீவு போட்டேன். காலையில் அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு முழுசாகச் சாத்தவில்லை. அடித்ததைப் பார்க்கவில்லை என்று மலாயில் சொன்னாள். பிறகு, காயங்கள் முன்கைகள் இரண்டிலும் வெளிப்பக்கத்தில் இருந்தன என்றாள். எப்படி என்று யாரோ கேட்டார்கள். அவள் குனிந்து, அடியைத் தடுப்பதுபோல் இரு கைகளாலும் தலையை மறைத்துக் காட்டினாள். கரப்பான்பூச்சிக்கே அலறுகிறவள்.

வெளியே வந்தவள், "பொட்டலத்தக் குடுங்க" என்று வாங்கி, என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

யார் அடித்தது என்று குழுவால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் அடி நடந்தது உண்மை என்று எழுதினார்கள். சில காவலர்களை மாற்றினார்கள். அவளையும்தான், தொலைவிலிருந்த கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு. கடைசி நாள் அந்த இளைஞன் மருந்தக வாசலில் நின்று, அவள் சொல்லிக்கொடுத்திருந்த தமிழில் "அக்கா" என்றானாம். பிறகு அவனையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தகவல் ஒன்றுமில்லை.

கிள்ளானுக்குப் போகும் ரயிலில் நிற்க இடமில்லை என்று ஓய்வுபெறும்வரை புலம்பினாள். சாட்சி சொன்னதைப் பற்றி ஒருநாளும் புலம்பியதில்லை. இப்போதும் திடீரென்று கேட்பாள்: "அந்தப் பையன் கை எப்படிங்க இருக்கும்?"

"நீ போட்ட கட்டு. நல்லாத்தான் இருக்கும்" என்பேன்.