காசு கொடுத்து வாங்கிய கிழிசல் வேட்டி

கிழிந்த வேட்டி கட்டியவனுக்குத்தான் சர்க்கார் குத்தகையைப் பதிந்து கொடுக்கும் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். சும்மா நம்பவில்லை, அதற்காக ஒரு வருஷப் பிறப்பையே பாழாக்கினேன். அப்போது எனக்கு முப்பது வயது. முப்பது வயதில் மனுஷனுக்குப் புத்தி வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை.

மாயவரத்துக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில், ஒரு வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தேன். ஏக்கர் கணக்கில் மூன்று. நிலம் மாயவரத்தில் குடியிருந்த ஒரு பெரியவருடையது. அப்பா காலத்திலிருந்தே எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். தை அறுப்பு முடிந்ததும் குத்தகை நெல்லை அளந்துவிடுவோம். அவருடைய காரியஸ்தர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அளந்ததற்குச் சீட்டு கேட்டால், "நமக்குள்ள என்னப்பா சீட்டு?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவனுக்கு அடுத்த வருஷம் கேட்கத் தோன்றாது.

ஆட்சி மாறியிருந்த நேரம் அது. கூலிக்கு ஒரு பக்கம் சண்டை, குத்தகைக்கு ஒரு பக்கம் சண்டை. வரப்புக்கு ஒரு கொடி நின்றது. குத்தகைக்காரர்களின் பெயரை ஊர் ஊராக வந்து பதிவு செய்யச் சட்டம் வந்திருக்கிறது என்றார்கள். பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு நம்மைக் கிளப்புவது லேசில்லை. ஏறாவிட்டால், 'நானே ஆள் வைத்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறேன்' என்று நிலக்காரர் சொல்லிவிடலாம். பக்கத்து ஊரில் இரண்டு பேர் அப்படி நிலம் போய் நின்றார்கள். அந்த ஒன்பது மாவும் போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்கு வாய்த்த சட்ட நிபுணர் என் மச்சான், மனைவியின் அண்ணன். படிப்பகத்தில் பேப்பர் படித்துவிட்டு, படித்ததோடு கொஞ்சம் சொந்தச் சரக்கையும் கலந்து எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போது இறக்கிவைப்பார்.

"மாப்ளே, கூட்டத்துல பேசினத கேட்டீங்களா? சட்டம் ஏழை எளியவனுக்குத்தானாம். அதிகாரி நேரா வூட்டுக்குள்ள வந்து பாப்பாராம். ரேடியோ, பீரோன்னு எதாச்சும் கண்ணுல பட்டுச்சு, பேரு அவுட்டு."

"நம்ம வூட்ல பீரோ எங்க மச்சான் இருக்கு?"

"இப்ப இல்ல. நீங்க பாட்டுக்கு ஒண்ணு வாங்கிப்புட்டீங்கன்னா?"

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பீரோ வாங்குவதாக எனக்கு எண்ணமும் இல்லை, வைக்க வீட்டில் இடமும் இல்லை. ஆனாலும் அன்றைக்கே வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன்.

பங்குனி முடிய நான்கு நாள் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு அறிவித்தேன்: சித்திரை ஒன்று முதல் வீட்டுச் செலவு பாதி. பதிவு முடிகிறவரை தேவையில்லாத எந்தப் பொருளும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. புது வருஷத்துக்குப் புதுத் துணி கிடையாது.

"தேவையில்லாததுன்னா எது? சொல்லிடுங்க, தெரிஞ்சுக்கறேன்."

"அது உனக்கே தெரியணும்."

"சரிங்க. உங்க வெத்தல சீவல நிறுத்திடறேன்."

சட்டத்தின் முதல் அடி சட்டம் போட்டவன் முதுகில் விழுந்தது. வெற்றிலை இல்லாமல் நான் பட்ட பாட்டை இங்கே எழுதினால், படிக்கிறவர்களுக்கு இரக்கம் வந்துவிடும். அது இந்தக் கதைக்கு நல்லதல்ல.

வருஷப் பிறப்பன்று இலை போட்டாள். எங்கள் பக்கம் அன்றைக்கு மாங்காய், வெல்லம், வேப்பம்பூ எல்லாம் போட்டுப் பச்சடி வைப்பார்கள். இலையின் ஓரத்தில் கறுப்பாக ஒன்று கிடந்தது. வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்னடி இது?"

"பச்சடிங்க. வெல்லம் கடையில வாங்கணும், மாங்காயும் வாங்கணும். வேப்பம்பூ வாசல்ல சும்மாதானே கொட்டிக் கெடக்கு."

மச்சான் அன்றைக்கு விருந்தாளி. தன் பங்கு வேப்பம்பூவை மென்று விழுங்கிவிட்டு, "நாட்டுக்காக இதெல்லாம் பொறுத்துக்கணும் மாப்ளே" என்றார். பிறகு காபி கேட்டார். காபித் தூளையும் பாதியாக்கியிருந்தோம். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பழைய ருசி வரவில்லை என்று இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தார். அந்தச் சித்திரை முழுவதும் அவர் இப்படித்தான் சிக்கனத்துக்கு ஒத்துழைத்தார். சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுத்தேன். இரண்டு துண்டும் சேர்ந்து ஒரு முழு சோப்பைவிடச் சீக்கிரம் கரைந்தன. முடிவெட்டிக்கொள்வதை நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. ஏழைக் களை நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சித்திரை கடைசியில் ஒருநாள் வயலிலிருந்து திரும்பினால், அடுப்படியில் ஒரு வெளிச்சம். புது எவர்சில்வர் குடம். அதில் என் முகம் தெரிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஏது இது?" என்று கேட்டேன்.

"எவர்சில்வர்காரர் வந்தாருங்க. காசு ஒத்தப் பைசா குடுக்கல. பழைய துணி போட்டு எடுத்தேன். காசு குடுத்து வாங்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

"அதிகாரி கண்ணுல பட்டா?"

"பட்டா என்ன, ஒரு வாய் தண்ணி குடுப்போம்."

"இத நெல்லுக் குதிர்ல போட்டு மூடு."

"மூடிட்டு? தண்ணிய உங்க தலையிலயா தூக்கிட்டு வர்றது? இப்ப அதுலதான் முடி ரொம்ப இருக்கு."

குடம் அடுப்படியிலேயே இருந்தது. நான்தான் அதைப் பார்க்காமல் நடமாடப் பழகிக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை தலையாரி வந்து சொன்னார்: மறுநாள் வெள்ளிக்கிழமை பதிவு அதிகாரி வருகிறார், குத்தகைக்காரர்கள் அவரவர் வயலில் இருக்க வேண்டும். வயலிலா! வீட்டுக்குள் வருவார் என்று ஒன்றரை மாதம் வேப்பம்பூ தின்றிருக்கிறேன். சரி, வயலென்றால் நாம் கட்டியிருக்கிற துணிதான் பேசும் என்று கணக்குப் போட்டேன். உடனே ஓடிப்போய்த் துணிக்கொடியைப் பார்த்தேன். பொங்கலுக்கு எடுத்த வெள்ளை வேட்டி ஒன்று, இடுப்பில் அதற்கு முந்தின வருஷத்து வேட்டி ஒன்று. இரண்டிலும் ஒரு ஓட்டை கிடையாது.

"என் பழைய வேட்டியெல்லாம் எங்க?"

அவள் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஐந்து வேட்டி, மூன்று சட்டை, அவளுடைய இரண்டு பழைய புடவை. என் வறுமை மொத்தமும் குடமாகிவிட்டிருந்தது. நல்ல வேட்டியையே ஒரு இழு இழுத்துக் கிழித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மனைவியும் அதைத்தான் கேட்டாள், ஆனால் சனிக்கிழமை கேட்டாள். வியாழக்கிழமை எனக்குத் தோன்றியதெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவிடைமருதூருக்குப் பறக்க வேண்டும் என்பதுதான். எவர்சில்வர்காரர் அங்கே தேரடிப் பக்கம்தான் மூட்டைகளை வைத்துப் பிரித்துக்கொண்டிருப்பார்.

நல்லவேளை, என் வேட்டிகள் இன்னும் விற்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்தது.

"வேட்டி ஒண்ணு வேணும்."

"எடுத்துக்குங்கண்ணே. இது பாருங்க, கிழிசலே கெடையாது."

"கிழிசல் இருக்கறது குடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கரித்துணிக்கா?"

"கட்டிக்க."

மனுஷன் வியாபாரி. கிழிசலுக்குத்தான் கிராக்கி என்று புரிந்ததும் ஆள் மாறிவிட்டார். பின்பக்கம் இரண்டு ஓட்டையும் முன்பக்கம் ஒரு நீளக் கிழிசலும் உள்ள வேட்டியை எடுத்து விரித்து, சரிகை வேட்டியைக் காட்டுகிற மாதிரி காட்டினார். "இந்தக் கிழிசல் சாதாரணமா வராதுண்ணே. உழைச்ச வேட்டி." உழைத்தவன் நான்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் விலை இன்னும் ஏறும். ஒன்றரை ரூபாய் கொடுத்தேன். திரும்புகிற வழியில் சைக்கிள் பஞ்சர். அதற்கும் கொடுத்தேன். அந்தப் புது வருஷத்தில் நான் தெரிந்தே வாங்கிய தேவையில்லாத பொருள் அந்த வேட்டி ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வயலில் குப்பையடிக்கப் போனேன். கூலிக்கு வந்த இரண்டு பேரோடு நானும் எருக்கூடையைத் தலையில் தூக்கித் தூக்கிக் கொட்டினேன். வளர்ந்த தலைமுடியிலும் தாடியிலும் எரு. இதைவிட ஒருவன் ஏழையாக இருக்க முடியாது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கையில் அட்டையில் செருகிய காகிதங்கள். பின்னால் குடையோடு காரியஸ்தர், அவருக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க மச்சான். அதிகாரி வரப்பில் நின்று என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏம்ப்பா, இந்த வயலோட குத்தகைக்காரர் எங்க? போய் வரச்சொல்லு."

"நாந்தாங்க ஐயா."

"நீயா?"

காரியஸ்தர் குடையை மடக்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார், தை மாதச் சிரிப்பு. "ஐயா, இது நம்ம ஆளுங்க. தெனக்கூலி. குப்பையடிக்க விட்டிருக்கோம். நிலம் எங்க முதலாளி சொந்த சாகுபடிங்க."

அதிகாரி மறுபடி வேட்டியைப் பார்த்தார். அதன் பின்பக்கம் தெரியாமல் இருக்க நான் ஒருக்களித்து நின்றது எனக்கு நினைவிருக்கிறது. குத்தகைக்காரனுக்கு அடையாளம் கிழிசல் என்று நம்பி வந்தேன்; அது கூலியாளுக்கு அடையாளமாகப் போய்விட்டது. மச்சானைப் பார்த்தேன். சட்ட நிபுணர் வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வைகாசியில் எந்த வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்?

"குத்தகை அளந்த சீட்டு இருக்கா?" என்றார் அதிகாரி.

"தரமாட்டாங்க ஐயா." என்றேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். மூன்று ஏக்கரும் அந்தப் பேனா முனையில் தொங்கின.

அப்போதுதான் மனைவி வந்தாள். எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவள், காரியஸ்தர் சொன்னதை வரப்பிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

"கூலியா? நாங்களா? ஏங்க, வாயில வேற எதும் வரலையா உங்களுக்கு?" காரியஸ்தரிடம் அப்படிக் கேட்டுவிட்டு அதிகாரியிடம் திரும்பினாள். "ஐயா, அஞ்சு நிமிஷம் இருங்க. எழுதிடாதீங்க."

கஞ்சியை வரப்பில் வைத்துவிட்டு ஓடினாள். வீடு கூப்பிடு தூரம்தான். திரும்பி வரும்போது கையில் ஒரு நீளக் கம்பி. அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கும். வீட்டுக்கு வரும் ரசீதுகளையெல்லாம் அவள் அதில் குத்திவைப்பாள். கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்கியது, விதை நெல் வாங்கியது, கலப்பைக்குக் கொழு வாங்கியது, பூச்சி மருந்து வாங்கியது. நான்கு வருஷத்து ரசீது, எல்லாம் என் பெயரில்.

அதிகாரி ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து உருவிப் பார்த்தார். பிறகு காரியஸ்தரிடம், "தெனக்கூலி ஆளு எதுக்குங்க சொந்தக் காசுல உரம் வாங்கிப் போடறான்? இந்த வயலுக்கு நீங்க உரம் வாங்கின ரசீது இருந்தா குடுங்க" என்றார்.

"மாயவரத்துல இருக்குங்க."

"மாடு யாருது?"

காரியஸ்தர் யோசித்தார். யோசிக்கிற விஷயமா அது? பக்கத்து வயல்காரரையும், கூலிக்குக் குப்பையடிக்க வந்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு அதிகாரி கேட்டார். மாடும் கலப்பையும் என்னுடையவை என்றும், நடவுக்கும் அறுப்புக்கும் கூலி கொடுப்பது நான்தான் என்றும் மூன்று பேரும் சொன்னார்கள்.

"அப்ப எதுக்குய்யா இப்படி வந்து நிக்கறே?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். மனைவி சொல்ல வாயெடுத்தாள். கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன்.

அவர் வரப்பில் உட்கார்ந்து எழுதினார். ஒன்பது மாவுக்கும் குத்தகைக்காரன் என்று என் பெயர் பதிவாயிற்று. மாயவரத்துக்காரர் அதை எதிர்த்து மனு எதுவும் போடவில்லை. அந்த வருஷம் ஆனியில் தண்ணீர் வந்ததும் அதே நிலத்தில் குறுவை நாற்று விட்டேன்.