வருடாவருடம் புதுமுகம்

ஆளெடுக்கும் இன்டர்வியூ ஒன்றில் போன ஜூன் மாதம் நானும் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்!

மைசூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் டிகிரி காலேஜ். ஹிஸ்டரி லெக்சரர் ஒருவர் வேண்டுமாம். தேர்வுக் குழுவில் 'வெளியிலிருந்து ஒரு பிரமுகர்' இருக்க வேண்டும் என்று விதியாம். காலேஜின் செயலாளர் எங்கள் தெருக்காரர். நான் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

குழுவில் பிரின்சிபால், செயலாளர், நான். இன்டர்வியூ கன்னடமும் ஆங்கிலமும் கலந்துதான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் சிவகாமி. நாற்பதைத் தாண்டியவர், கஞ்சி போட்ட காட்டன் புடவை. ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்ததுமே காபி கொண்டுவந்த பெண், "மேடம், உங்களுக்குச் சர்க்கரை இல்லாமல்தானே?" என்று கேட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே சரியான டம்ளரை எடுத்து வைத்தார். எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

பிரின்சிபால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்தக் கல்லூரியில் இதற்கு முன் வேலை பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை சார்."

"குட்."

நானும் அப்பாவியாக, "காலேஜுக்கு வர வழி சுலபமாகக் கிடைத்ததா?" என்று கேட்டு வைத்தேன். சிவகாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிரின்சிபால் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "மேடம், இவர் இங்கே பதினோரு வருஷமாக இருக்கிறார். இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி."

அதாவது, ஒவ்வொரு ஏப்ரலிலும் இவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜூனில் இன்டர்வியூ வைத்துப் 'புதிதாக' எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தார் என்று ஆகிவிட்டால் நாளைக்கு நிரந்தரம் கேட்டுவிடுவார் அல்லவா? அதனால் தினமும் எதிரே வந்து குட்மார்னிங் சொன்னவரை, ஜூன் மாதம் வந்தால் முன்பின் பார்த்ததில்லை! அதுவும் எந்த டிபார்ட்மென்ட்டில்... ஹிஸ்டரியில். ஊரார் கடந்த காலத்தையெல்லாம் பாடமாக நடத்தும் இடத்தில், நடத்துகிறவருக்கு மட்டும் கடந்த காலம் கூடாது. இப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மூளைக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

"இவர் எப்படி, நன்றாக நடத்துவாரா?" என்று நானும் கிசுகிசுப்பாகவே கேட்டேன்.

பிரின்சிபால் முகத்தைச் சுளித்தார். "நோட்ஸ் கொடுக்க மாட்டார். அதுதான் கம்ப்ளெய்ன்ட்."

நோட்ஸ் கொடுக்காமல் என்னதான் செய்வாராம்? முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பாராம். 'நம் குடும்பம் மைசூருக்கு ஏன் வந்தது?' என்று வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு வா. ஒரு பையனின் அப்பா, ஹெப்பாள் ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் வந்தோம் என்றாராம். அம்மா, உன் சித்தப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தோம் என்றாராம். எங்கே இரண்டு கதையும் முட்டிக்கொள்கிறதோ அங்கேதான் சிவகாமியின் பாடம் ஆரம்பம். இதைச் சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு மாதிரி சொன்னால் அவருக்கு என்ன போகும்? வருஷம் முழுவதும் இதே கேள்விகளை ராஜாக்களிடமும் கேட்பாராம், கவர்னர்களிடமும் கேட்பாராம்.

எனக்குக் காது குளிர்ந்தது. பிரின்சிபாலுக்கு இது கம்ப்ளெய்ன்ட். அவரைப் பொறுத்தவரை நல்ல ஆசிரியர் என்றால், ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கும் நோட்ஸை மூச்சு விடாமல் வாசிப்பவர்.

அடுத்து டெமோ கிளாஸ். நாங்கள் மூவரும் முதல் வருட மாணவர்களாம். 'வரலாற்றில் சான்றுகள்' என்று செயலாளரே தலைப்புக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தப்பு அதுதான் என்று அப்போது நினைத்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்று பின்னால் செய்தார்... அதற்கு வருகிறேன்.

சிவகாமி எழுந்தார். சாக்பீஸை எடுத்தார்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த அறையில் ஒரு பெண், தான் இங்கே வேலை பார்த்ததே இல்லை என்று சொன்னார். இது வாய்மொழிச் சான்று. உடனே நம்பலாமா? அவர் ஏன் அப்படிச் சொன்னார்? ஆமாம் என்று சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்?"

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்போது இரண்டாவது சான்று." சிவகாமி எங்களுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். திரும்பிப் பார்த்தோம். வருடாவருடம் எடுத்த குரூப் போட்டோக்கள், சட்டம் போட்டு வரிசையாக. எல்லாவற்றிலும் நடு நாற்காலியில் செயலாளர். எல்லாவற்றிலும் ஓர நாற்காலியில் ஒரு பெண். புடவை மாறுகிறது, ஒரு படத்தில் கண்ணாடி வருகிறது, அடுத்தடுத்த படங்களில் நரை ஏறுகிறது. ஆள் ஒருவர்தான்.

"இரண்டு சான்றும் முரண்படுகின்றன. மாணவர்களே, நீங்கள் எதை நம்புவீர்கள்?" பிரின்சிபாலைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

பிரின்சிபால் காலி டம்ளரைக் குடித்தார். செயலாளர், "டைம் ஆயித்து" என்றார். நான் மட்டும் கைதட்டிவிட்டேன். அடக்க முடியவில்லை.

பின்னாலேயே ஓர் இளைஞர் லேப்டாப்போடு வந்தார். திரையில் வாள் ஒன்று சுழன்று வந்து தலைப்பாக நின்றது. பீரங்கி வெடித்துப் புகையிலிருந்து அடுத்த ஸ்லைடு வந்தது. அவர் திரையைப் பார்த்து வாசித்தார், எங்களைப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வேலை வேண்டும். ஆனால் செயலாளரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தசரா வாணவேடிக்கை பார்க்கிற சந்தோஷம்.

"சிவகாமிக்குத்தான் என் ஓட்டு" என்றேன். "அவங்க அட்டிட்யூட் சரியில்லை மேடம்" என்றார் செயலாளர். என் கருத்து ஆலோசனை மட்டும்தானாம். ஆலோசனைக்கு நன்றியாக ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை. பிரமுகராக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வேலை இளைஞருக்குத்தான் போனது. மனசு கேட்காமல் சிவகாமியின் நம்பரை வாங்கிப் பேசினேன்.

"எப்பவும் போல அமைதியா நடத்திட்டுப் போயிருக்கலாமேம்மா?"

"நானும் அப்படித்தானுங்க்கா நெனச்சு வந்தேன். கேள்விக்குப் பொய் சொல்லிப் பழகிப்போச்சு. ஆனா சாக்பீஸ் கைல வந்துட்டா பொய் வர மாட்டேங்குது. என்னங்க்கா பண்றது?"

கவர்ன்மென்ட் வேலைக்கு வயது தாண்டிவிட்டது. கணவருக்கு ஹெப்பாளில் கான்ட்ராக்ட் வேலை, இருந்தால் உண்டு. மகள் பி.யூ.சி. படிக்கிறாள். வீட்டில் காலேஜ் நடக்கும் மாதங்களிலாவது தவறாமல் வந்துகொண்டிருந்தது சிவகாமியின் சம்பளம்தான். போனை வைத்தபின் எனக்கு அந்தச் சால்வையைக் கொளுத்தலாம் போல ஆத்திரம் வந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. காலேஜுக்குத் தரம் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு கமிட்டி வருவதாகத் தகவல் வந்தது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்பார்கள். செயலாளர் கணக்குப் பார்த்தார். வருடாவருடம் எல்லோரையும் புதுமுகமாகவே எடுத்தால் அனுபவம் எங்கிருந்து வரும்? ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்டில் இருந்த மொத்த அனுபவம், அந்த இளைஞரின் ஒரு மாதம்!

உடனே சிவகாமிக்குப் போன். "மேடம், கமிட்டி வரும் நாள் மட்டும் வந்து உட்காருங்கள். நீங்கள் நம் குடும்பம் அல்லவா?"

குடும்பமாம்! சிவகாமி கோபப்படவில்லை. "வருகிறேன் சார். கமிட்டி சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டால் காட்ட வேண்டுமே? எல்லா வருஷமும் போட்டு லெட்டர்ஹெட்டில் கொடுத்துவிடுங்கள்" என்றாராம். அவருடைய பொறுப்புணர்ச்சியைச் செயலாளர் வெகுவாகப் பாராட்டினாராம். மறுநாளே சர்டிபிகேட் ரெடி.

கமிட்டி வந்த அன்றைக்குச் சிவகாமி போனார். ஒரு வகுப்பு எடுத்தார். கமிட்டியில் ஒருவர் பாதி வகுப்பில் தானும் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாராம். எல்லோருக்கும் பரம திருப்தி.

அடுத்த திங்கட்கிழமை, சிவகாமி அதே சர்டிபிகேட்டோடு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். நானும் துணைக்குப் போயிருந்தேன். வக்கீல் தமிழர். இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இத அவங்களேவா எழுதிக் குடுத்தாங்க?"

"ஆமாங்க. வருஷம் போட்டுத் தாங்கன்னுதான் கேட்டேன். கமிட்டிக்கு நல்லா இருக்கும்னு 'இடைவிடாமல் தொடர்ந்து'ன்னு அவங்களாத்தான் சேத்துனாங்க."

வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு கேஸ் போட்டாகிவிட்டது. எத்தனை காலம் இழுக்குமோ, ஜெயிக்குமோ, தெரியாது. அடுத்த ஜூனில் எங்கே நிற்பது என்று சிவகாமிக்கும் தெரியாது. ஆனால் வக்கீல் ஆபீசிலிருந்து வெளியே வரும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் பார்த்தேன்.

செயலாளரின் கையெழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் காலேஜ் சீல்... அடடா, அவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கிறது!